நாலு பேர், ஒரு சனிக்கிழமை, 3,585 ரூபாய் 60 பைசா

சென்னையில் நாலு நண்பர்கள் சனிக்கிழமை சாயங்காலம் கூடி, ஆறரை மணிக் காட்சி பார்த்து, எங்காவது சாப்பிட்டு, டீக்கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்று பேசிவிட்டு வீடு திரும்ப என்ன ஆகும்? ஊதாரித்தனமும் வேண்டாம், கஞ்சத்தனமும் வேண்டாம். நடுத்தரமாகப் போட்ட கணக்கு இது:

மல்டிபிளெக்ஸ் டிக்கெட் 4: ரூ. 732.00
ஆன்லைன் முன்பதிவுக் கட்டணம்: ரூ. 141.60
இடைவேளைத் தீனி: ரூ. 536.00
போக மெட்ரோ: ரூ. 96.00
இரவுச் சாப்பாடு, வரி, டிப்ஸ்: ரூ. 1,520.00
டீ 4: ரூ. 60.00
திரும்ப ஆட்டோ 2: ரூ. 500.00
மொத்தம்: ரூ. 3,585.60

தலைக்கு 896 ரூபாய் 40 பைசா. வீட்டில் "படத்துக்குப் போறேன்" என்றுதான் சொல்லிவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். ஆனால் செலவான நூறு ரூபாயில் டிக்கெட்டுக்குப் போனது 20 ரூபாய் 40 பைசா. வாய்க்குப் போனது 59. வண்டிக்கு 16 ரூபாய் 60 பைசா. மிச்சம் நாலு ரூபாய், வீட்டிலிருந்தபடியே டிக்கெட் எடுத்த சௌகரியத்துக்கு. எதற்காகக் கிளம்பினார்களோ அது இந்தக் கணக்கில் ஐந்தில் ஒரு பங்குதான்.

டிக்கெட்டிலிருந்து தொடங்குகிறேன். தமிழ்நாட்டில் சினிமா டிக்கெட்டின் உச்ச விலையை அரசுதான் வைக்கிறது. மல்டிபிளெக்ஸில் பல வருடங்கள் 120 ரூபாயாக இருந்ததை 2017 அக்டோபரில் 25 சதவீதம் ஏற்றி 150 ஆக்கினார்கள். ஒற்றைத்திரை ஏசி அரங்கத்துக்கு 100. அதே வருடம் ஜூலையில்தான் ஜிஎஸ்டி வந்தது. மாநில அரசு அதன்மேல் 30 சதவீத உள்ளாட்சிக் கேளிக்கை வரி என்றது. தியேட்டர்காரர்கள் ஜூலை 3 முதல் நாலு நாள் கதவைச் சாத்தினார்கள். பேரம் நீண்டு, அக்டோபரில் தமிழ்ப் படத்துக்கு 8 சதவீதம் என்று முடிந்தது. ஆக 2017 கடைசியில் கணக்கு இப்படி: 150, ஜிஎஸ்டி 28 சதவீதம் 42, உள்ளாட்சி 12. மொத்தம் 204.

2019 ஜனவரி 1 முதல் நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியது. 204 என்பது 189 ஆனது. 2025-இல் மாநில அரசு உள்ளாட்சி வரியை 8-லிருந்து 4 சதவீதமாகக் குறைத்தது. இப்போது 150, 27, 6, ஆக 183. சில்லறைக் கட்டணங்கள் சேர்ந்தால் ஓரிரண்டு ரூபாய் முன்னே பின்னே இருக்கும். எட்டு வருடத்தில் 21 ரூபாய் குறைந்த பண்டம் இந்த நகரத்தில் வேறு என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். மெட்ரோவைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. டீயை எடுத்துக்கொள்ளுங்கள்: 2025 செப்டம்பர் 1 அன்று சென்னை டீக்கடைகளில் 12 ரூபாய் டீ 15 ஆனது. அதுவும் 25 சதவீதம்தான். காபி 15-லிருந்து 20 ஆகி மூன்றில் ஒரு பங்கு ஏறியது. டிக்கெட் ஏறிய செய்திக்கு ஒரு வாரம் விவாதம் நடந்தது. டீக்கு அட்டையில் விலையை மாற்றி எழுதினார்கள், அவ்வளவுதான்.

முன்வரிசை டிக்கெட் கதை தனி. சென்னை மல்டிபிளெக்ஸ்களில் திரைக்கு ஒட்டிய வரிசைகளில் 10 ரூபாய் டிக்கெட் இருந்தே ஆகவேண்டும் என்பது பழைய விதி. கழுத்தை நிமிர்த்திக்கொண்டு பார்க்கவேண்டும், ஆனால் அதே ஏசி, அதே ஒலி. கல்லூரிப் பிள்ளைகள் அதற்காகவே காலையில் வந்து வரிசையில் நிற்பார்கள். இன்று அதே இடம் 60 ரூபாய்ச் சுற்றில் இருக்கிறது. நூறுக்குள் இருப்பதால் 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் மட்டுமே. பத்து அறுபதானது ஆறு மடங்கு. 120 ரூபாய் டிக்கெட்டோ வரியோடு 183-இல் நிற்கிறது. மேல்தட்டு இருக்கையைவிட ஏழை இருக்கைதான் வேகமாக ஏறியிருக்கிறது என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

வரி என்றதும் 2006 ஞாபகம் வருகிறது. அந்த வருடம் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி கிடையாது என்று அரசு அறிவித்தது. அப்போது வெளிவந்த ‘சம்திங் சம்திங் உனக்கும் எனக்கும்’, முன்பாதியை உதிர்த்துவிட்டு வெறும் ‘உனக்கும் எனக்கும்’ ஆனது. பெயருக்கு இவ்வளவு பண மதிப்பு அதற்கு முன்னும் இருந்ததில்லை, ஜிஎஸ்டிக்குப் பின்னும் இல்லை.

பெங்களூரில் வேலை பார்க்கும் தமிழர்கள் படம் பார்க்கச் சென்னை வருவதாகக் கேலி பேசுவதில் பொருள் உண்டு. அங்கே உச்ச விலை கிடையாது. பெரிய நடிகர் படம் வந்தால் ஒரு டிக்கெட் 600, 800 என்று ஓடும். கர்நாடக அரசு 2025 செப்டம்பரில் வரி நீங்கலாக 200 ரூபாய் என்று கட்டிப்போட்டது. அதே மாதத்தில் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்துவிட்டது.

சென்னையில் அரசின் கை டிக்கெட்டோடு நின்றுவிடுகிறது. தியேட்டரோடு ஒட்டிய வேறு எதற்கும் உச்ச விலை கிடையாது. முதலில் முன்பதிவுக் கட்டணம். ஒரு டிக்கெட்டுக்கு 30 ரூபாய், அதற்கு 18 சதவீத வரி, ஆக 35 ரூபாய் 40 பைசா. நாலு டிக்கெட்டை ஒரே தட்டில் எடுத்தாலும் நாலு தடவை வாங்குகிறார்கள். 150 ரூபாய்ப் பண்டத்துக்கு இது 23.6 சதவீதம். இரண்டு அரசுகளும் சேர்ந்து ஒரு டிக்கெட்டில் எடுப்பது 33 ரூபாய். செயலி அதைவிட 2 ரூபாய் 40 பைசா கூட வாங்குகிறது. கவுன்டரில் போய் நின்றால் இது மிச்சம். பெரிய படத்தின் முதல் வாரத்தில் கவுன்டரில் டிக்கெட் இருந்தால்.

இனி பாப்கார்ன். இதில் கொஞ்சம் நின்று நிதானமாகக் கணக்குப் பார்க்கவேண்டும், ஏனென்றால் தியேட்டர் ஓடுவதே இதில்தான்.

பொரியும் சோளத்தின் மணிக்குள் சுமார் 14 சதவீதம் ஈரம். சூடு 180 டிகிரியை நெருங்கும்போது உள்ளே நீராவி அழுத்தி, தோல் வெடித்து, மாவு வெளியே பூக்கிறது. ஒரு கிராம் மணி ஏறக்குறைய 40 மில்லி இடத்தை அடைக்கும் பொரியாகிறது. நாலு லிட்டர் பிடிக்கும் பெரிய டப்பை நிரப்ப 100 கிராம் சோளம் போதும். மளிகைக் கடையில் கிலோ 150 ரூபாய்ச் சுற்றில் கிடைக்கிற சரக்கு. ஆக 15 ரூபாய். எண்ணெய், உப்பு, மஞ்சள் நிறத்துக்கு ஒரு பொடி, அட்டை டப், மின்சாரம் எல்லாம் சேர்த்தாலும் 50-ஐத் தொடுவது கஷ்டம். விற்பது 300 ரூபாய்க்கு மேல். நாம் தின்பதில் பெரும்பகுதி காற்று.

நாட்டின் மிகப் பெரிய தியேட்டர் நிறுவனமான பிவிஆர் ஐநாக்ஸ், 2024-25 நிதியாண்டில் தன் சராசரி டிக்கெட் விலை 259 ரூபாய் என்றும், உள்ளே வந்த ஒருவர் தின்பண்டத்துக்குச் செலவழித்தது சராசரியாக 134 ரூபாய் என்றும் கணக்குக் காட்டியது. நூறு ரூபாய்க்கு டிக்கெட் எடுப்பவர் 52 ரூபாய்க்குத் தின்கிறார். வீட்டிலிருந்து வயிற்றை நிரப்பிக்கொண்டு வரும் மாமாவும், உள்ளே நுழைந்ததும் நாச்சோஸ் கேட்கும் பிள்ளையும் சேர்ந்த சராசரி இது. மேலே எழுதிய 536 ரூபாய் இந்த 134-ஐ நாலால் பெருக்கியதுதான். சென்னையில் டிக்கெட் 150-இல் கட்டுப்பட்டுக் கிடப்பதால், இங்கே தின்பண்டத்தின் எடை இன்னும் கூடத் தெரியும்.

ஏன் அப்படி என்பதற்கு ஒரு கழித்தல் கணக்கு. நாலு டிக்கெட்டின் அடிப்படை விலை 600. புதுப்படத்தின் முதல் வாரத்தில் இதில் பாதிக்கு மேல் விநியோகஸ்தருக்குப் போய்விடும். தியேட்டருக்கு 300 மிஞ்சினால் அதிகம். அதில்தான் ஏசி, புரொஜெக்டர் விளக்கு, ஆள் சம்பளம், வாடகை. தின்பண்டத்தில் மூலப்பொருளுக்கு ஆவது விற்பனையில் கால் பங்கை ஒட்டியே. 536-இல் 400 கையில் நிற்கும், யாரோடும் பங்கு போடவேண்டாம். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இடைவேளை வந்தே தீரும். பெரிய படங்களுக்குச் சில இடங்களில் முதல் நாள் டிக்கெட்டைப் பாப்கார்னோடு கட்டி ‘காம்போ’ என்று விற்பதன் ரகசியமும் இதுதான்: அரசு கட்டிப்போட்ட பண்டத்தைக் கட்டில்லாத பண்டத்தோடு முடிச்சுப்போட்டால் விலை எவ்வளவு வேண்டுமானாலும் போகும்.

வெளியிலிருந்து முறுக்கு கொண்டுபோகலாமா என்ற வழக்கு ஜம்மு காஷ்மீரிலிருந்து கிளம்பி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 ஜனவரி 3 அன்று தீர்ப்பு: தியேட்டர்காரர் வெளி உணவைத் தடுக்கலாம்; ஆனால் சுத்தமான குடிநீர் இலவசமாகத் தரவேண்டும்; கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக்கூடாது. ஜிலேபி தின்றுவிட்டு விரலை இருக்கையில் துடைத்தால் கழுவும் செலவை யார் கொடுப்பது என்று தலைமை நீதிபதி சந்திரசூட் கேட்டார். நியாயமான கேள்வி. கேரமல் பாப்கார்னுக்கும் பொருந்தக்கூடிய கேள்வி. அந்தக் கேரமலுக்கு வேறொரு புகழும் உண்டு: 2024 டிசம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில், உப்பும் மசாலாவும் போட்ட பாப்கார்ன் உதிரியாக விற்றால் 5, பொட்டலத்தில் அடைத்தால் 12, கேரமல் பூசினால் மிட்டாய்க் கணக்கில் 18 சதவீதம் என்று விளக்கம் கொடுத்து நாடே சிரித்தது. தண்ணீர் இலவசம் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள். நாலு பாட்டில் தண்ணீருக்கு மேலே நான் கணக்கு எழுதாததற்கு அதுதான் காரணம்.

போக்குவரத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். மெட்ரோவில் 5 முதல் 12 கிலோமீட்டர் வரை 30 ரூபாய். கியூஆர் டிக்கெட் அல்லது பயண அட்டை என்றால் 20 சதவீதம் தள்ளுபடி, ஆக 24. அதிகபட்சக் கட்டணம் 2021-இல் 70-லிருந்து 50 ஆக இறங்கியது. ராத்திரி பதினொரு மணிக்கு மெட்ரோ நின்றுவிடும், நண்பர்களின் பேச்சு நிற்காது. அப்புறம் ஆட்டோ. அரசு ஆட்டோவுக்கு மீட்டர் விலை வைத்தது 2013 ஆகஸ்டில்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12. அப்போது பெட்ரோல் லிட்டர் 75 ரூபாய்ச் சுற்றில் இருந்தது. இப்போது 100-க்கு மேல். பத்து கிலோமீட்டருக்கு அந்தக் கணக்கில் 123 ரூபாய் 40 பைசா. இரவுக்கு ஒன்றரை மடங்கு போட்டால் 185 ரூபாய் 10 பைசா. ஓட்டுநர் சங்கங்கள் தாங்களாகவே 2025 பிப்ரவரியிலிருந்து 50 ரூபாய், கிலோமீட்டருக்கு 18 என்று அறிவித்தன. அப்படியானால் பகலிலேயே 197 ரூபாய் 60 பைசா. இரவில் செயலி காட்டுவது 250-ஐ ஒட்டி. பன்னிரண்டு வருடம் விலை மாற்றாமல் வைத்திருந்தால் மீட்டர் வெறும் அலங்காரமாகிவிடும் என்பதில் ஓட்டுநர்களை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

சாப்பாடுதான் பெரிய இனம், 1,520. தலைக்கு 350 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 1,400, 5 சதவீத ஜிஎஸ்டி 70, சர்வருக்கு 50. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஏசி ஓட்டலுக்கு 18, ஏசி இல்லாததற்கு 12 என்று இருந்தது; நவம்பர் 15 முதல் இரண்டும் 5 ஆனது. சில இடங்களில் பில்லின் அடியில் 5 முதல் 10 சதவீதம் ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று ஒரு வரி ஒளிந்திருக்கும். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதைத் தானாகச் சேர்க்கக்கூடாது என்றது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. கேட்டால் எடுத்துவிடுவார்கள். நாலு பேரில் கேட்பவர் ஒருவர் இருப்பார், மற்ற மூன்று பேர் அந்த நேரம் வேறெங்கோ பார்ப்பார்கள்.

இந்த 1,520 என்ன வாங்குகிறது என்பதைக் கையேந்தி பவனோடு ஒட்டிப் பார்த்தால் தெரியும். அங்கே ஒரு தோசையும் முட்டையும் 60, 70 ரூபாய்க்குள். ருசியில் ஓட்டலுக்குச் சளைத்ததல்ல. சில இடங்களில் மேல். மாநகராட்சியின் அம்மா உணவகத்தில் விலை: இட்லி 1 ரூபாய், பொங்கல் 5, சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3, இரவில் இரண்டு சப்பாத்தி பருப்போடு 3. நாலு பேர் ஆளுக்கு நாலு சப்பாத்தி தின்றால் 24 ரூபாய். இரண்டு இடத்திலும் பொதுவானது, உட்கார முடியாது என்பதுதான். கையேந்தி பவனில் தட்டு கையில். அம்மா உணவகத்தில் நின்று சாப்பிடும் மேடை. நாற்காலி வந்ததும் விலை ஏறுகிறது, ஏசி வந்ததும் இன்னும் ஏறுகிறது. ஒரே ஓட்டலில் ஒரே அடுப்பில் சுட்ட தோசைக்குக் கீழே ஒரு விலை, மாடி ஏசி ஹாலில் ஒரு விலை என்று பலகை மாட்டுவது சென்னையில் நெடுநாள் பழக்கம். நண்பர்கள் நாலு பேர் ஒன்றேகால் மணி நேரம் மேசையைப் பிடித்துக்கொள்ளக் கொடுக்கும் வாடகை, சாப்பாட்டு விலைக்குள் கரைந்திருக்கிறது.

மணிக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்போம். இடைவேளையோடு இரண்டே முக்கால் மணி நேரப் படம், 183 ரூபாய்: மணிக்கு 66 ரூபாய் 50 பைசா. பத்து கிலோமீட்டர் மெட்ரோ 20 நிமிடம், 24 ரூபாய்: மணிக்கு 72. டீக்கடை வாசலில் 15 ரூபாய்க்கு 20 நிமிடம்: மணிக்கு 45. ஓட்டலில் தலைக்கு 380, ஒன்றேகால் மணி நேரம்: மணிக்கு 304. ஆட்டோவில் தலைக்கு 125, 25 நிமிடம்: மணிக்கு 300. ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு உட்காருவதும் ஏசி ஹாலில் உட்காருவதும் ஏறக்குறைய ஒரே வாடகை. நகரத்தில் ஒரு மணி நேரத்தை உட்கார்ந்து கழிக்க, கட்டணம் வாங்கும் குளிர்ந்த இடங்களில் மிக மலிவானது சினிமா தியேட்டர்தான்.

முன்பு அப்படி இல்லை. கதீட்ரல் சாலையில் 1962 முதல் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் ஓட்டல் இருந்தது. மரத்தடியில் காரை நிறுத்தி, அல்லது கார் இல்லாமலே உள்ளே போய், ஒரு காபியை வைத்துக்கொண்டு பாதி நாள் பேசலாம். எழுத்தாளர்களும் மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதிகளும் கல்லூரிப் பிள்ளைகளும் அதை அலுவலகமாகவே வைத்திருந்தார்கள். அரசு நிலம், குத்தகை, 2008-இல் மூடப்பட்டது. 2010-இல் அதே இடத்தில் செம்மொழிப் பூங்கா வந்தது, நுழைவுக் கட்டணம் 15 ரூபாய். காபி வாங்கினால் உட்காரலாம் என்றிருந்த இடத்தில், டிக்கெட் வாங்கினால் உட்காரலாம் என்றானது. அதே 2010-இல் கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் திறந்தார்கள்: ஒன்பது மாடி, ஏசி, நல்ல நாற்காலி, கட்டணம் பூஜ்யம். ஆனால் வாயைத் திறக்கக்கூடாது, அதனால் நம் நாலு பேருக்கு உதவாது. 2019-இல் பாண்டி பஜாரில் சுமார் 40 கோடி ரூபாயில் நடைபாதை வளாகம் கட்டி பெஞ்சுகள் போட்டார்கள். அங்கே பேசலாம். மாலையில் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இடப் பிரச்சினையைப் பிரியாணிக்காரர்கள் தங்கள் வழியில் தீர்த்தார்கள். ஒரு கிலோ அரிசிக் கணக்குப் பக்கெட், மட்டன் என்றால் 2,500 ரூபாய்ச் சுற்றில்; கூடவே கத்தரிக்காய், தயிர் வெங்காயம், பிரெட் அல்வா. எட்டுப் பேர் சாப்பிட்டால் தலைக்கு 312. மேசை வாடகை இல்லை, யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடி இருந்தால் போதும். ஆனால் எட்டுப் பேரைச் சேர்க்கவேண்டும், நாலு பேருக்கு இது கட்டுபடியாகாது.

896 ரூபாய் 40 பைசா பெரிய தொகையா? மத்திய அரசின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில், 2023-24-இல் தமிழ்நாட்டு நகரங்களில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 8,165 ரூபாய். வாடகை, அரிசி, பள்ளிக் கட்டணம், மருந்து எல்லாம் சேர்த்து. நாளைக்கு 272. நம் சனிக்கிழமை மூன்று நாளுக்கும் மேலான மொத்த வாழ்க்கைச் செலவு, மாதத்தில் 11 சதவீதம். இன்னொன்று: அதே கணக்கெடுப்பில், அகில இந்திய நகரங்களில் மாதச் செலவான 6,996 ரூபாயில் பானங்கள், சிற்றுண்டி, தயார் உணவுக்குப் போவது 11.09 சதவீதம், அதாவது 776 ரூபாய். நம் ஆட்கள் ஒரே மாலையில் தலைக்கு 529 ரூபாயை அந்த இனத்தில் முடித்துவிட்டார்கள். மாதம் ஒரு தடவை என்றால் பட்ஜெட் தாங்கும். வாரா வாரம் என்றால் 44 சதவீதம். சராசரி ஆளால் முடியாது, ஐடி சம்பளத்தால் முடியும். வார நாள் மாலைக் காட்சியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

சராசரி ஆளின் சனிக்கிழமை மெரினாவில் நடக்கிறது. மயிலாப்பூரிலிருந்து பறக்கும் ரயிலில் திருவல்லிக்கேணி, போக 5 வர 5, நாலு பேருக்கு 40 ரூபாய். கூட்டத்தில் பெண்கள் இருந்து, சாதாரணக் கட்டணப் பேருந்தில் வந்தால் 2021 மே முதல் அவர்களுக்கு அதுவும் இல்லை. சுண்டல் 4 பொட்டலம் 80. மிளகாய் பஜ்ஜி இரண்டு தட்டு 80. டீ 60. மொத்தம் 260, தலைக்கு 65. இரண்டு மணி நேரம் மணலில் உட்கார்ந்தால் மணிக்கு 32 ரூபாய் 50 பைசா, காற்று உட்பட. ராத்திரி பத்து மணி வாக்கில் போலீஸ் விசில் அடித்து எழுப்பும்வரை.

இரண்டு மாலைகளிலும் பணம் கைமாறும் விதமும் வேறு. 3,585 ரூபாய் 60 பைசாவை ஒருவர் கட்டினால் மற்ற மூவரும் அன்று இரவே அவருக்கு 896 ரூபாய் 40 பைசா அனுப்பவேண்டும். 2025 ஆகஸ்டில் நாடு முழுவதும் யுபிஐ-யில் நடந்த 2,001 கோடிப் பரிவர்த்தனைகளில் இப்படிப்பட்ட பங்குகள் எத்தனையோ. அனுப்பாதவருக்கு ஞாபகப்படுத்தக் குழுவில் ஒரு செய்தி, அப்புறம் ஒரு சிரிப்புப் பொம்மை, அப்புறம் போன். மெரினாவின் 260 ரூபாயை ஒருவரே கொடுத்துவிடுகிறார். "விடுறா, அடுத்த வாரம் நீ பாத்துக்க" என்பார். அடுத்த வாரம் வேறொருவர் கொடுப்பார், பெரும்பாலும்.